மாப்பிள்ளையின் ஃபைல்

ஒக்கலிபுரம்
6 ஜூலை 2025

குணசேகருக்கு,

அன்புள்ள என்று போட மனம் வரவில்லை, அதனால் போடவில்லை. ஈஸ்டர் அன்று என் வீட்டுக்கே வந்து, என் சோற்றையே தின்றுவிட்டு, "பொண்ண மேல படிக்க வெக்க வக்கில்ல, தள்ளிவுடத்தான் தெரியும்"னு சொன்னாயே, அன்றைக்கே முடிவு செய்தேன், இனி உன் குரலைக் கேட்பதில்லை என்று. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன். ஆனால் நான் பெண்ணைப் பெற்றவள், அதுவும் புருஷனைப் பறிகொடுத்தவள். தாய்மாமன் என்று உனக்கு ஒரு வேலை இருக்கிறது. அதனால் தபாலில் வருகிறேன்.

பிரிசில்லாவுக்கு வரன் வந்திருக்கிறது. பையன் பெயர் சித்தார்த், ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். நம் ஊர் ஆட்கள்தான், தங்கவயல். அவர்கள் புத்த விகாரைக்குப் போகிறவர்கள், நாம் சர்ச்சுக்கு. நம் ஜனத்தில் அதை யார் பார்த்தார்கள்? போன ஞாயிறு பெண் பார்க்க வந்தார்கள். பையன் நிமிர்ந்து பேசுகிறான். அவன் அப்பா ஜெயவேலு சுரங்கத்தில் இருந்தவர், இருமிக்கொண்டே இரண்டு காபி குடித்தார், தங்கமான மனிதர். பிரிசில்லா முகத்தைப் பார்க்க வேண்டுமே, பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுக்கப் போகும்போதுகூடப் பூ வைத்துக்கொண்டு போகிறாள்.

ஒரு முள் மட்டும் உறுத்துகிறது. எதிர்வீட்டு சரசுவின் தம்பியும் அதே தொழிற்சாலைதான். அவன் சொல்கிறான், போன வருஷம் சித்தார்த் நீண்ட லீவில் போனானாம், பன்னேர்கட்டா ரோட்டில் ஏதோ ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்தார்களாம். என்ன சீக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. சரசுவின் தம்பியுடைய இன்சூரன்ஸ் கார்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் உன் கம்பெனி பெயர்.

மற்ற தாய்மாமன்கள் மாப்பிள்ளையை விசாரிக்க டீக்கடை டீக்கடையாக அலைவார்கள். உனக்கு அந்தக் கஷ்டமும் இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே பையன் பெயரைத் தட்டு, என்ன சீக்கு என்று பார், ஒரு காகிதத்தில் எழுதி அனுப்பு. இதைக்கூடச் செய்யமாட்டாய் என்றால் நீ அந்த ஆபீசில் எதற்கு?

ஆஞ்சலா


அல்சூர்
11 ஜூலை 2025

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நானும் கடிதமாகவே எழுதுகிறேன். வாயால் சொன்னால் நான் சொன்னது ஒன்றாகவும் ஒக்கலிபுரம் கேட்டது ஒன்றாகவும் ஆகிவிடும். அனுபவம் இருக்கிறது.

நான் அந்த ஆபீசில் எதற்கு இருக்கிறேன் என்று கேட்டாய். உனக்கு எட்டும்படி சொல்கிறேன். பணம் கட்டுவது இன்சூரன்ஸ் கம்பெனி. வைத்தியம் பார்ப்பது ஆஸ்பத்திரி. நடுவில் நின்று காகிதங்களைச் சரிபார்ப்பவர்கள் நாங்கள். மூன்றாம் தரப்பு நிர்வாகி என்று அதற்குப் பெயர். மூன்றாம் ஆள், புரிகிறதா? அந்தக் காகிதங்களில் ஒன்றுகூட எங்களுடையது அல்ல. ஒப்பந்தம் முடிந்தால் எல்லாவற்றையும் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போக வேண்டியவர்கள். அதுவரை பத்திரமாக வைப்பதும், கேட்க உரிமை இல்லாதவர்களுக்குக் காட்டாமல் இருப்பதும்தான் என் வேலை. கேட்க உரிமை உள்ளவர்களில் கோர்ட் உண்டு, அரசாங்கம் உண்டு. மாமியார் ஆகப்போகிறவள் இல்லை.

டீக்கடையில் விசாரிப்பதும் இதுவும் ஒன்று என்கிறாய். டீக்கடைக்காரன் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறான், அது அவன் கண், அவன் வாய். என்னிடம் இருப்பது, உடம்பு முடியாமல் படுத்த ஒருத்தன் வேறு வழியில்லாமல் டாக்டரிடம் சொன்னது. ரத்தம், மலம், மூத்திரம் எல்லாம் அதில் இருக்கும். அதை உன் சமையல்கட்டுக்குக் கொண்டுவந்து சரசு முன்னால் விரிக்க வேண்டுமா? உனக்குக் கூச்சமே இல்லையா?

யார் எந்த ஃபைலை எப்போது திறந்தார்கள் என்பதும் பதிவாகும். மாசக் கடைசியில் அதைப் படிப்பவனும் நான்தான். அதனால் அந்த ஆசையை விட்டுவிடு.

பையனுக்கு என்ன சீக்கு என்று தெரிய வேண்டுமானால் ஒரு வழி இருக்கிறது. பையனிடம் கேள். தெருவில் காய்கறிக்காரனிடம் அவன் பெண்டாட்டி எதற்குக் கோபித்துக்கொண்டு போனாள் என்று கேட்கிற வாய்தானே அது? இதையும் கேட்கும்.

குணசேகர்


ஒக்கலிபுரம்
3 ஆகஸ்ட் 2025

வைக்கோல் போரில் படுத்த நாய் தானும் தின்னாதாம், மாட்டையும் தின்ன விடாதாம். உன்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள் குணா.

பையனிடம் கேட்பதாம்! "தம்பி, உனக்கு என்ன வியாதி?" என்று பெண்ணைப் பெற்றவள் கேட்பாளா? கேட்டால்தான் சொல்வானா? எந்த ஊரில் மாப்பிள்ளை வாயாலேயே சீக்கைச் சொல்லியிருக்கிறான்? சட்டம் படித்துப் படித்து உனக்கு மூளை மரத்துவிட்டது.

நீ இல்லாவிட்டால் எனக்கு ஆளே இல்லை என்று நினைத்தாயா? போன கிறிஸ்துமஸுக்கு உன்னோடு வந்து என் கை கேக்கைத் தின்றானே ராஜேஷ்குமார், ஆரணிப் பையன், உனக்குக் கீழே வேலை செய்கிறவன், அவனுக்கு போன் போட்டேன். "அக்கா கேக்கறேன் தம்பி, உன் கூடப் பொறந்தவளா நெனச்சிக்கோ" என்றேன். அவனுக்கு மனசு இருக்கிறது. முதலில் "வேணாங்க்கா, சாருக்குத் தெரிஞ்சா தொலஞ்சேன்" என்றான். பிறகு மறுநாள் அவனே கூப்பிட்டான். சித்தார்த் பெயரில் போன வருஷம் ஆஸ்பத்திரி, நுரையீரல், நாள்கணக்கில் படுக்கை. மேலே திறந்தால் கம்ப்யூட்டர் காரணம் கேட்கும் என்று முதல் பக்கத்தோடு வந்துவிட்டானாம். எனக்கு அதுவே போதும். நெஞ்சு சீக்கு என்றால் டி.பி.தானே? தங்கவயலில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதை டாக்டர் வந்து சொல்ல வேண்டுமா?

அன்றைக்கே சொல்லி அனுப்பிவிட்டேன், பெண்ணுக்கு இப்போது கல்யாண யோசனை இல்லை என்று. காரணம் சொல்லவில்லை, அவ்வளவு நாகரிகம் எனக்கும் உண்டு. சரசுவிடம் மட்டும் சொன்னேன், அவள் தம்பி கூடவே வேலை செய்கிறவன், அவனுக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாதே என்று.

பிரிசில்லா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. அழட்டும். இப்போது அழுதால் பிற்பாடு அழ வேண்டாம். என் பெண்ணைக் காப்பாற்றியது உன் ஆபீஸ் எடுபிடி, நீ இல்லை. அதை எழுதி வைத்துக்கொள்.

ஆஞ்சலா


அல்சூர்
9 ஆகஸ்ட் 2025

அக்கா,

எழுதி வைத்துக்கொண்டேன். அதற்குத்தானே எனக்குச் சம்பளம்.

உன் புத்திசாலித்தனத்தைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. பதிவுகளுக்குப் பொறுப்பானவனுக்கே, பதிவைத் திருடியவன் பெயர், ஊர், அவன் தின்ற கேக் வரை கைப்பட எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புகிறவளை நான் இதுவரை பார்த்ததில்லை. திருடியவர்கள் பொதுவாக ஒளிவார்கள்.

ராஜேஷ்குமாரைக் கூப்பிட்டேன். மறைக்கவில்லை, அழுதான். "அக்கா கேட்டாங்க சார், கல்யாண விஷயம்னு சொன்னாங்க" என்றான். அவனுக்கு ஊரில் வயதான அம்மா, கட்டிக்கொடுக்க வேண்டிய தங்கை. அதெல்லாம் உனக்கு எதற்கு? மனசு இருக்கிறவன் என்று சான்றிதழ் கொடுத்துவிட்டாய், போதும்.

இப்படி நடந்தால் மூடி மறைக்கக் கூடாது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத வேண்டும். யாருடைய ஃபைலோ அவருக்கும் எழுத வேண்டும், உங்கள் பதிவை இன்ன ஆள் அனுமதியில்லாமல் பார்த்தான் என்று. இரண்டையும் எழுதிவிட்டேன். யார் கேட்டு அவன் பார்த்தான் என்ற இடத்தில் "என் அக்கா" என்று எழுதினேன். மேனேஜர் அம்ருதா மேடம், "இத எழுதணுமா குணா, ரிலேட்டிவ்னு போட்டா போதாதா?" என்று இரண்டு தடவை கேட்டார். எழுதணும் என்றேன்.

ரிப்போர்ட் எழுதுவதற்காக அந்த ஃபைலை நானும் முழுக்கப் படிக்க வேண்டியதாயிற்று. நீ தெரிந்துகொண்டது சரி என்றும் சொல்ல மாட்டேன், தப்பு என்றும் சொல்ல மாட்டேன். இதைப் படித்ததும் என்னைத் திட்டுவாய் என்று தெரியும், நன்றாகத் திட்டிக்கொள். முன்பு எழுதியதையே திரும்பவும் எழுதுகிறேன். பையனிடம் போய்க் கேள். இன்றைக்கே கேள். சரசுவின் வாயையும் கொஞ்சம் மூடச் சொல்.

குணசேகர்


ஒக்கலிபுரம்
7 செப்டம்பர் 2025

பாவி,

நேற்று அவர்கள் வந்தார்கள். சித்தார்த்தும் அவன் அப்பாவும். கையில் உன் ஆபீசிலிருந்து போன கடிதம். பிரிசில்லா வீட்டில்தான் இருந்தாள்.

உட்காரச் சொன்னேன். பையன் உட்காரவில்லை. பெரியவர் உட்கார்ந்தார், மூச்சு வாங்கியது, தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார், "இந்த டம்ளர கழுவி வெச்சா போதும்மா, தூக்கிப் போட வேணாம். டி.பி. இல்ல இது. சொரங்கத்துத் தூசி. முப்பது வருசம் தின்னது. ஆஸ்பத்திரில படுத்தவன் நான்தான், பையன் இல்ல. அவன் என்னப் பாத்துக்கத்தான் லீவு போட்டான். அவன் கம்பெனி கார்டுல என் பேரும் கீது, அவன் நம்பர்லதான் எல்லாம் போவும்."

பெரியவர்தான் விளக்கினார் குணா. முதல் பக்கத்தில் வேலை செய்கிறவன் பெயர்தான் இருக்குமாம். படுத்தது அப்பனா மகனா என்பது உள்ளே போனால்தான் தெரியுமாம். அந்த ஆரணிக் கழுதை முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு எனக்கு போன் போட்டிருக்கிறான்.

அந்த மனிதர் என் வீட்டில் உட்கார்ந்து இருமியதை நான் கேட்டேன். கேட்டும் என் மண்டையில் ஏறவில்லை. நம் ஊரில் வயசான ஆம்பளை இருமினால் யார் திரும்பிப் பார்த்தார்கள்? அப்பா இருமவில்லையா, சித்தப்பா இருமவில்லையா? அது ஒரு சீக்கு என்றே எனக்குத் தோன்றவில்லை.

பையன் ஒரே ஒரு தடவைதான் பேசினான். "எங்க கேன்டீன்ல என் தட்டத் தனியா வெச்சிட்டாங்க ஆன்ட்டி. ஏன்னு ஒரு மாசமா தெரியல. இப்பதான் தெரியுது." சரசுவின் தம்பி பரப்பியிருக்கிறான். பெரியவர் எழுந்து போகும்போது, "என்னக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே. கேக்கறதுக்கு இன்னா காசா பணமா?" என்றார். கோபமே இல்லை அவர் குரலில். என்னைத் தூசி மாதிரிப் பார்த்தார்.

பிரிசில்லா அவர்கள் பின்னாலேயே தெருமுனை வரை போனாள். திரும்பி வந்து, பெரியவர் குடித்த டம்ளரைக் கழுவி அலமாரியில் வைத்தாள்.

இதெல்லாம் உனக்குத் தெரியும்! ஆகஸ்டிலேயே தெரியும்! "அவன் இல்லை அக்கா" என்று இரண்டு வார்த்தை எழுதியிருந்தால் இந்தக் குடும்பம் பிழைத்திருக்கும். உன் சட்டம் உன் மருமகளைவிடப் பெரிசா? நீயெல்லாம் மனுஷனா, இரும்பு பீரோவா? இப்போதாவது போ. ஹெப்பகோடிக்குப் போய் அவர்களைச் சமாதானப்படுத்தி அழைத்துக்கொண்டு வா.

ஆஞ்சலா


அல்சூர்
14 செப்டம்பர் 2025

அக்கா,

"அவன் இல்லை" என்று எழுதினால் அடுத்த தபாலில் "அப்போது யார்?" என்று கேட்டிருப்பாய். அதற்குப் பதில் அந்தப் பெரியவருடைய நெஞ்சு. அதை உனக்குக் கொடுக்க நான் யார்?

சிரமப்படாமல் நடந்திருக்கக்கூடிய காரியத்தை உனக்கு இரண்டு தடவை சொன்னேன். நீ வீம்பு பிடித்தாய். இப்போது என்னைத் தூது போகச் சொல்கிறாய். போகமாட்டேன். கல்லை எறிந்தவள் நீ, கட்டுப் போட நான் வர வேண்டுமா? மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் ஹெப்பகோடிக்கு பஸ் இருக்கிறது. ஏறு, போ, அந்தப் பெரியவர் முன்னால் நின்று "தப்பு பண்ணிட்டேன்" என்று சொல். உன் வாழ்நாளில் அந்த வாக்கியத்தை யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை, ஆனாலும் சொல்லிப் பார்.

நீ கேட்காத விஷயம் ஒன்று. ராஜேஷ்குமாருக்கு வேலை போய்விட்டது, ஆரணிக்குப் போய்விட்டான். என்னைப் பதிவுப் பிரிவிலிருந்து மாற்றி, பழைய காகிதங்களை ஸ்கேன் செய்கிற இடத்தில் போட்டிருக்கிறார்கள். சொந்தக்காரி கேட்டு நடந்த காரியம், அதனால் என்னையும் நம்ப முடியாதாம். சரிதான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

குணசேகர்


ஒக்கலிபுரம்
28 செப்டம்பர் 2025

குணசேகருக்கு,

பெண்ணைப் பெற்றவள் போய்க் காலில் விழுந்தால் நாளைக்கு அந்த வீட்டில் என் மகளுக்கு என்ன மரியாதை இருக்கும்? நான் போகவில்லை, போகவும் மாட்டேன்.

நல்லவேளை, பிரிசில்லா தேறிவிட்டாள். இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள், பாட்டெல்லாம் வருகிறது வாயில். சின்ன வயசு, மறந்துவிட்டாள். வைட்ஃபீல்டில் ஒரு பையன் இருக்கிறான், நம் சர்ச்சிலேயே சொன்னார்கள். அக்டோபர் 26 ஞாயிறு வருகிறார்கள். இந்தத் தடவை எல்லாவற்றையும் நேராகவே கேட்பேன், உன் ஃபைல் எனக்கு வேண்டாம். நீ வந்து தாய்மாமனாகச் சபையில் உட்கார்ந்தால் போதும். வாயைத் திறக்காதே.

ஏதோ பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று சனிக்கிழமைதோறும் உன் வீட்டுக்கு வருகிறாளே, உன்னிடம் ஏதாவது சொன்னாளா?

ஆஞ்சலா


அல்சூர்
4 அக்டோபர் 2025

அக்கா,

26ஆம் தேதி என்னால் வர முடியாது.

பிரிசில்லா என்னிடம் என்ன சொன்னாள் என்பதை பிரிசில்லாவிடம் கேள். அவள் உன் வீட்டில், பக்கத்து அறையில்தான் இருக்கிறாள்.

குணசேகர்


அல்சூர்
24 அக்டோபர் 2025, வெள்ளி மாலை

அக்கா,

இதைத் தபாலில் போடாமல் தெரிந்த ஆட்டோக்காரர் கையில் கொடுத்து அனுப்புகிறேன், இருட்டும் முன்னே உனக்குத் தெரிய வேண்டும் என்பதால். பிரிசில்லா பள்ளிக்கூடம் போயிருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பாய். அவள் ஹெப்பகோடியில் இருக்கிறாள். நன்றாக இருக்கிறாள்.

இன்று காலை சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் அவளுக்கும் சித்தார்த்துக்கும் கல்யாணம் பதிவானது. சாட்சியாக நானும் கையெழுத்துப் போட்டேன். ஜெயவேலு வந்திருந்தார். மாடிப்படி ஏறச் சிரமப்பட்டார், நானும் பையனும் பிடித்துக்கொண்டோம். உன்னைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை குறையாகப் பேசவில்லை.

எனக்கு எப்போது தெரியும் என்று கேட்பாய். செப்டம்பர் கடைசியிலேயே தெரியும். அவள் ஏதாவது சொன்னாளா என்று நீ கேட்ட கடிதம் என் மேஜைமேல் இருந்தபோது அவள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். "அம்மாகிட்ட நீங்க சொல்லாதீங்க மாமா, அவங்களா கேட்டா நானே சொல்லிடறேன்" என்றாள். அது அவள் விஷயம், அவள்தான் சொல்ல வேண்டும், அதனால் நான் சொல்லவில்லை.

இன்னொன்று. சர்ச்சுக்குப் போகிற பெண்ணும் விகாரைக்குப் போகிற பையனும் இப்படிப் பதிவு செய்தால் ஒரு மாதம் முன்னாலேயே நோட்டீஸ் ஒட்டுவார்கள், யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று. அவள் பெயர், அவன் பெயர், உன் வீட்டு விலாசம் எல்லாம் போட்டு அந்த ஆபீஸ் பலகையில் ஒரு மாதம் தொங்கியது. போகிறவர் வருகிறவர் எல்லோரும் படித்தார்கள். பூட்டி வைத்த ஃபைலை உடைத்துப் பார்த்தவள் நீ, இதைப் படிக்க உனக்கு யாருடைய உதவியும் வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்குச் சொல்லிவிடு. காரணம் சொல்லாமல் அனுப்பத்தான் உனக்குத் தெரியுமே.

குணசேகர்


ஒக்கலிபுரம்
27 அக்டோபர் 2025

குணா,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாய். நல்லா இரு.

மூன்று நாளாக உன்னைத் திட்டித் தீர்த்துவிட்டேன், சுவருக்குத்தான் கேட்டிருக்கும். சரசு வந்து எட்டிப் பார்த்தாள், கதவைச் சாத்தினேன். வைட்ஃபீல்டுக்காரர்களிடம் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்றே சொன்னேன். கண்டபடி பேசிவிட்டுப் போனார்கள். கேட்டுக்கொண்டேன்.

நீ என்னைச் சாமர்த்தியமாக அடித்துவிட்டதாக நினைக்கிறாய். உனக்கு ஒன்றும் தெரியாது. அவள் பாட்டுப் பாடிக்கொண்டு துணி மடித்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. மறந்த பெண் அப்படிப் பாடமாட்டாள். பீரோவில் அவள் நல்ல சேலைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஒவ்வொரு ராத்திரியும் அவள் அறை வாசல் வரை போவேன். "எங்கேடி போகுது சேலை?" என்று ஒரு கேள்விதான். கேட்டால் சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டால் நான் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போயாக வேண்டும், அவர் முகத்தைப் பார்த்தாக வேண்டும். திரும்பி வந்து படுத்துக்கொள்வேன். ஒரு மாதம் இதே கதை.

அவளுக்கு போன் போட்டேன். எடுத்தாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டேன், "சாப்பிட்டேம்மா" என்றாள். அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை, வைத்துவிட்டேன். ஊரையே கேள்வி கேட்கிற வாய் என்று எழுதினாயே, அந்த வாய்தான்.

நீ அங்கே இருந்தாய். அவளிடம் கேட்க முடியாததை உன்னிடம் கேட்கிறேன். என் மகள் எந்தச் சேலை கட்டியிருந்தாள்? கழுத்தில் என்ன போட்டிருந்தாள்? கையெழுத்துப் போடும்போது வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாளா?

அக்கா